தாயைக் காக்கும் தசை



பிள்ளை பெற்ற இரண்டாம் மூன்றாம் நாளில், குழந்தையை மார்போடு அணைத்துப் பால் கொடுக்கத் தொடங்கியதும் அடிவயிற்றைச் சுருக்கென்று ஒரு வலி பிடித்து இழுப்பதை உங்களில் பலர் அனுபவித்திருப்பீர்கள். தலைப்பிள்ளைக்கு அது அவ்வளவாகத் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது பிள்ளைக்குத்தான் அதிகம். "வயிற்றில் காற்றுப் பிடித்துவிட்டது" என்பார் மாமியார். "உள்ளே கெட்ட இரத்தம் தேங்கியிருக்கிறது" என்பார் பக்கத்து வீட்டு மூத்தம்மா.

உண்மையில் அந்த வலி ஒரு நற்செய்தி. பத்து மாதம் பிள்ளையைச் சுமந்த கருப்பை இறுகுகிறது என்பதே அதன் பொருள். அப்படி இறுகுவதால்தான் பிள்ளை பெற்ற தாய் உயிரோடு இருக்கிறாள். கருப்பை எப்படி இறுகுகிறது, ஏன் சில வேளைகளில் இறுகாமல் போகிறது, அப்போது வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். கொஞ்சம் விஞ்ஞானம் வரும். பயப்பட வேண்டாம். உப்புவெளிக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

ஒரு நிமிடத்தில் எவ்வளவு இரத்தம்?

நிறைமாதத்தில் கருப்பைக்கு ஒவ்வொரு நிமிடமும் 500 முதல் 700 மில்லிலீற்றர் வரை இரத்தம் ஓடுகிறது. சோடாப் போத்தல் ஒன்றில் கொள்ளும் அளவுக்கும் அதிகம். இந்த இரத்தமெல்லாம் நஞ்சுக்கொடி ஒட்டியிருக்கும் இடத்துக்குப் போய், வயிற்றுப் பிள்ளைக்கு உணவும் மூச்சும் கொடுக்கிறது.

பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடியும் கழன்று வெளியே வந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் இரத்தக் குழாய்கள் வாய் திறந்து நிற்கும். அவற்றை அடைக்காவிட்டால் சில நிமிடங்களிலேயே தாயின் உடலில் இருந்து உயிராபத்தான அளவு இரத்தம் போய்விடும்.

அந்தக் குழாய்களை யார் அடைக்கிறார்கள்? வைத்தியரும் இல்லை, மருத்துவிச்சியும் இல்லை. கருப்பையின் தசையே அடைக்கிறது. கருப்பைச் சுவரில் தசை நார்கள் ஒன்றுக்கொன்று குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கின்றன. இரத்தக் குழாய்கள் அந்தப் பின்னலுக்கு இடையால்தான் வருகின்றன. தசை இறுகும்போது, பின்னல் நெருங்கி ஒவ்வொரு குழாயையும் முறுக்கி நெரித்துவிடுகிறது. இரத்தம் உறைந்து வாயை மூடுவது அதற்குப் பிறகு நடக்கும் வேலை. முதற் காவல் தசைதான். படைத்தவனின் ஏற்பாட்டை என்னவென்று சொல்வது! சுப்ஹானல்லாஹ்!

அந்தத் தசை இறுகாமல் தளர்ந்து கிடந்தால் உதிரம் கொட்டுகிறது. பிரசவத்துக்குப் பின் ஏற்படும் கடும் இரத்தப் போக்கில் பத்தில் ஏழு இந்தக் காரணத்தால்தான் வருகிறது. உலகம் முழுவதும் ஆண்டுதோறும் ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களுக்கு இந்த நிலை நேர்கிறது. அவர்களில் பல்லாயிரம் பேர் உயிரிழக்கிறார்கள்.

மூன்று வகைத் தசைகள்

நமது உடலில் மூன்று வகைத் தசைகள் உண்டு. கை, கால்களை அசைப்பது வன்கூட்டுத் தசை. நாம் நினைத்தால் அது அசையும். இதயத் தசை இன்னொரு வகை. மூன்றாவது, பள்ளிக்கூடப் புத்தகத்தில் பிள்ளைகள் படிக்கும் மழமழப்பான தசை. இது நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாது. குடலிலும், இரத்தக் குழாய்ச் சுவரிலும், மூச்சுக் குழாயிலும், சிறுநீர்ப்பையிலும், கருப்பையிலும் இருப்பது இந்தத் தசைதான்.

கோழி துப்புரவு செய்யும்போது, தானியத்தை அரைக்கும் அதன் உருண்டையான இரைப்பையைப் பிளந்து உள்தோலை உரித்து எடுப்பீர்கள் அல்லவா? வெட்டுவதற்குக் கெட்டியாக இருக்கும் அந்தத் தசையும் மழமழப்பான தசையே. அதைக் குறைவாக மதித்துவிடாதீர்கள். இந்தத் தசையின் இரகசியத்தை விஞ்ஞானிகள் பெரும்பாலும் அந்தக் கோழி இரைப்பையில் இருந்துதான் கற்றார்கள்.

கரைவலை போல

கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட வடம் கடலுக்குள் போகிறது. கரையில் வரிசையாக ஆட்கள் நின்று வடத்தைப் பற்றி இழுக்கிறார்கள். பிடித்து இழுத்து, கை விட்டு, மறுபடி முன்னால் பிடித்து இழுக்கிறார்கள். வலை மெல்ல மெல்லக் கரைக்கு வருகிறது.

தசைக்குள்ளும் இதுதான் நடக்கிறது. வடத்துக்குப் பெயர் அக்டின். இழுக்கும் ஆட்களுக்குப் பெயர் மயோசின். இரண்டும் புரதங்கள். மயோசினை ஒரு குட்டி இயந்திரம் என்று சொல்லலாம். ஏ.ரி.பி. என்ற பொருளை எரிபொருளாகக் கொண்டு, அது தன் தலையை வளைத்து அக்டின் வடத்தை ஒரு தடவை இழுக்கிறது. கோடிக்கணக்கான தலைகள் சேர்ந்து இழுக்கும்போது தசை சுருங்குகிறது.

கை, கால் தசையில் ஆட்கள் எப்போதும் ஆயத்தமாக நிற்கிறார்கள். ஆனால் வடத்தின் மேல் ஒரு மூடி போட்டிருக்கிறது. மூடி விலகியதும் இழுவை தொடங்கும். அதனால்தான் நெருப்புச் சுட்டதும் கையைச் சட்டென்று இழுக்க முடிகிறது.

கருப்பைத் தசையில் ஏற்பாடு வேறு. இங்கே ஆட்களே தூங்குகிறார்கள். மயோசினின் இரண்டு தலைகளும் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து, வாலும் மடங்கி, சுருண்டு கிடக்கும். 2020ஆம் ஆண்டு 'நேச்சர்' என்னும் விஞ்ஞான இதழில் வெளிவந்த ஆய்வுகள், மின்னணு நுண்காட்டியால் இந்தச் சுருண்ட உருவத்தை அணு அணுவாகக் காட்டின. இப்படித் தூங்கும் ஆளை ஒவ்வொருவராகத் தட்டி எழுப்பினால்தான் வடத்தைப் பிடிப்பான்.

தட்டி எழுப்புவது எது? பொஸ்பேட் என்ற சின்னஞ்சிறு இரசாயனத் துண்டு.

பொஸ்பேட் என்னும் சாவி

பொஸ்பேட் நமக்குப் புதிய பெயரல்ல. வயலுக்குப் போடும் உரத்தில் இருப்பதும், எலும்பில் இருப்பதும் அதுவே. மயோசினின் கழுத்தில் ஒரு சிறு புரதச் சங்கிலி சுற்றியிருக்கிறது. அந்தச் சங்கிலியின் 19ஆவது கண்ணியில் ஒரு பொஸ்பேட் வந்து ஒட்டியதும், சுருண்டு கிடந்த மயோசின் நிமிர்ந்து விரிகிறது. தலைகள் விடுபடுகின்றன. வடத்தைப் பிடித்து இழுக்கத் தொடங்குகின்றன. புரதத்தில் பொஸ்பேட் ஒட்டுவதை விஞ்ஞானிகள் பொஸ்போரிலேற்றம் என்கிறார்கள்.

ஒட்டுவதற்கு ஒரு நொதியம் உண்டு. கழற்றுவதற்கு இன்னொரு நொதியம் உண்டு. ஒருத்தி விளக்கை ஏற்றிக்கொண்டு போக, மற்றவள் பின்னாலேயே அணைத்துக்கொண்டு வருவதைப் போல இரண்டும் ஓயாமல் வேலை செய்கின்றன. ஏற்றுபவளின் கை ஓங்கினால் தசை இறுகும். அணைப்பவளின் கை ஓங்கினால் தசை தளரும்.

பொஸ்பேட்டை ஒட்டியும் கழற்றியும் உடல் தன் புரதங்களை ஆள்கிறது என்பதை அமெரிக்காவின் சியாட்டில் நகரில் எட்மண்ட் பிஷர், எட்வின் கிரெப்ஸ் என்ற இருவர் 1950களில் கண்டறிந்தார்கள். அதற்காக 1992ஆம் ஆண்டு அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் ஆராய்ந்தது வேறொரு புரதத்தை. 1975ஆம் ஆண்டு ரொபர்ட் அடெல்ஸ்டீனும் மேரி ஆன் கொன்ரியும், மயோசினையும் இதே சாவிதான் திறக்கிறது என்று காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது இரத்தத்தை உறைய வைக்கும் சிறுதட்டுகளில் உள்ள மயோசின். அடுத்த ஆண்டே கோழி இரைப்பைத் தசையிலும் அவ்வாறே என்று டேவிட் ஹார்ட்ஷோர்ன் குழுவினர் நிறுவினார்கள்.

இதில் ஓர் அதிசயத்தைக் கவனியுங்கள். கருப்பைத் தசை இறுகி இரத்தக் குழாயை நெரிப்பதும் பொஸ்பேட்டால். இரத்தச் சிறுதட்டுகள் உறைகட்டியை இழுத்துக் கட்டி வாயை அடைப்பதும் பொஸ்பேட்டால். தாயின் உயிரைக் காக்க இரண்டு காவலாளிகள். இருவர் கையிலும் ஒரே சாவி.

கல்சியம் எங்கே வருகிறது?

பொஸ்பேட்டை ஒட்டும் நொதியத்துக்கு உத்தரவு கொடுப்பது கல்சியம். வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தப் படிவில் இருக்கும் அதே கல்சியம்தான். 1880களில் இலண்டனில் சிட்னி ரிங்கர் என்ற வைத்தியர் தவளையின் இதயத்தை உப்பு நீரில் வைத்து ஆராய்ந்து வந்தார். அது நெடுநேரம் துடித்துக்கொண்டே இருந்தது. பிறகுதான் தெரிந்தது, காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாகக் குழாய் நீர் சேர்க்கப்பட்டிருந்தது என்று. குழாய் நீரில் இருந்த கல்சியமே இதயத்தைத் துடிக்க வைத்திருந்தது. 1883இல் இதை அவர் எழுதி வெளியிட்டார்.

கருப்பைத் தசைக் கலத்துக்கு வெளியே இருக்கும் கல்சியம், உள்ளே இருப்பதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு அதிகம். வாசல் திறந்ததும் அது உள்ளே பாய்கிறது. உள்ளே கல்மோடியுலின் என்ற புரதம் நான்கு கல்சியத் துணுக்குகளைக் கையில் ஏந்திக்கொள்கிறது. அது போய் நொதியத்தை முடுக்கிவிடுகிறது. நொதியம் மயோசினில் பொஸ்பேட்டை ஒட்டுகிறது. மயோசின் எழுந்து வடத்தை இழுக்கிறது. கருப்பை இறுகுகிறது.

"அப்படியானால் கல்சியம் குளிசை நிறைய விழுங்கினால் கருப்பை நன்றாக இறுகுமா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. இரத்தத்தில் கல்சியத்தின் அளவை உடல் மிகக் கவனமாக ஒரே மட்டத்தில் வைத்திருக்கிறது. கர்ப்ப காலத்தில் கிளினிக்கில் தரும் கல்சியம் தாயின் எலும்புக்கும், பிள்ளையின் எலும்புக்கும் உதவுகிறது. உணவில் கல்சியம் குறைந்தவர்களுக்குக் கர்ப்பகால இரத்த அழுத்தம் வராமல் காக்கவும் உதவுகிறது. அதற்காகவே அதைச் சொன்ன அளவில் எடுக்க வேண்டும்.

ஒக்சிடோசின் என்ற அழைப்பு

கல்சியத்தின் வாசலைத் திறப்பது ஒக்சிடோசின் என்ற ஹோர்மோன். மூளையின் அடிப்பகுதியில் இருந்து வருகிறது. குழந்தை பால் உறிஞ்சும் போதெல்லாம் அது சுரக்கிறது. மார்பில் பால் இறங்குவதும், அதே நேரத்தில் அடிவயிறு வலிப்பதும் இதனாலேயே. ஒரே ஹோர்மோன், இரண்டு வேலை.

1906ஆம் ஆண்டு ஹென்றி டேல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, மூளையடிச் சுரப்பியின் சாறு கருப்பையை இறுகச் செய்கிறது என்று கண்டார். 1953இல் வின்சென்ட் டு விக்னோ அதனை ஆய்வுகூடத்திலேயே செய்துகாட்டினார். 1955இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று பிள்ளை பிறந்தவுடன் தாயின் தொடையில் போடும் ஊசியில் இருப்பது இந்த ஒக்சிடோசின்தான். "ஊசி இல்லாமலே பெற்றவர்கள் இல்லையா?" என்று அதனைத் தட்டிக் கழிக்காதீர்கள். கருப்பை தளர்ந்த பிறகு மருந்து தேடுவதைவிட, தளராமல் பார்த்துக்கொள்வதே அந்த ஊசியின் நோக்கம். பால் கொடுப்பதும் நல்லதுதான். ஆனால் அது மட்டும் ஊசிக்கு ஈடாகாது.

இந்தத் தசையின் இன்னொரு சிறப்பையும் சொல்ல வேண்டும். கரைவலை இழுப்பவர்கள் களைத்தால், இடுப்பில் கட்டிய கயிற்றை வடத்தில் கொளுவி அப்படியே பின்னால் சாய்ந்து நிற்பார்கள். இழுக்கமாட்டார்கள், விடவும் மாட்டார்கள். மழமழப்பான தசையும் அப்படியே. வடத்தைப் பிடித்தபடி இருக்கும்போதே மயோசினின் பொஸ்பேட் கழன்றுவிட்டால், அது பிடியை விட நெடுநேரம் எடுக்கும். மிகக் குறைந்த எரிபொருளில் இறுக்கம் நிலைத்து நிற்கும். 1981ஆம் ஆண்டு அமெரிக்காவின் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் இது கண்டறியப்பட்டது. இரத்தக் குழாய்கள் வாழ்நாள் முழுதும் களைக்காமல் இறுகி நிற்பது இப்படித்தான்.

ஏன் சில வேளைகளில் இறுகுவதில்லை?

நோவு மிக நீண்டுபோனால் தசையில் அமிலம் சேர்ந்து இறுக்கம் குறைகிறது. நெடுநேரம் ஒக்சிடோசின் ஏற்றப்பட்டிருந்தால், அதன் அழைப்பைக் கேட்கும் வாங்கிகள் குறைந்து, கருப்பை செவிடாகிவிடுகிறது. இரட்டைப் பிள்ளை, பெரிய பிள்ளை, பன்னீர்க்குட நீர் அதிகம் என்றால் தசை அளவுக்கு மீறி இழுபட்டிருக்கும். பல பிள்ளைகள் பெற்றவர்களிலும் ஆபத்து கூடுகிறது. நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கினால் கருப்பையால் முழுதாக மூட முடியாது. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தாலும் அது கருப்பையைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

ஆனால், இந்தக் காரணங்கள் எதுவும் இல்லாத பெண்ணுக்கும் இது நேரலாம். அதனால்தான் எல்லாப் பிரசவமும் வைத்தியசாலையில் நடக்க வேண்டும் என்கிறோம்.

மருந்துகள் செய்யும் வேலை

ஒக்சிடோசின் மட்டும் போதாதபோது எர்கோமெட்ரின், மிசோப்ரொஸ்டோல் போன்ற மருந்துகளும் உண்டு. அவையும் கல்சியத்தைக் கூட்டி, பொஸ்பேட் ஒட்டுவதைத் துரிதப்படுத்தியே கருப்பையை இறுக்குகின்றன. ஒக்சிடோசினைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டும். நம் பகுதி வெயிலுக்கு அது தாக்குப்பிடிக்காது. வெப்பத்தைத் தாங்கும் கார்பெடோசின் என்ற மருந்தை உலக சுகாதார நிறுவனம் 10 நாடுகளில் ஏறத்தாழ 30,000 பெண்களிடம் ஆராய்ந்து, ஒக்சிடோசினுக்கு அது குறைந்ததல்ல என்று 2018இல் அறிவித்தது.

டிரனெக்சமிக் அமிலம் என்ற மருந்து தசையில் வேலை செய்வதில்லை. உறைந்த இரத்தம் கரையாமல் காக்கிறது. 21 நாடுகளில் 20,060 பெண்கள் பங்குகொண்ட ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால், இரத்தப் போக்கால் வரும் மரணம் மூன்றில் ஒரு பங்களவு குறைகிறது. ஒவ்வொரு கால் மணி நேரத் தாமதத்துக்கும் மருந்தின் பலன் ஏறத்தாழ பத்து வீதம் குறைந்துகொண்டே போகிறது. சகோதரிகளே, இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கும் அடங்காதபோது கைகொடுத்த ஒரு முறையை உலகுக்குத் தந்தவர் ஒரு முஸ்லிம் பெண் வைத்தியர். பங்களாதேஷைச் சேர்ந்த பேராசிரியை சாயெபா அக்தர், டாக்கா மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையில் பணியாற்றியபோது, விலையுயர்ந்த வெளிநாட்டுக் கருவிக்குப் பதிலாக, ஓர் இறப்பர் குழாயில் ஆணுறையைக் கட்டிக் கருப்பைக்குள் வைத்து, அதில் உப்பு நீரை நிரப்பி ஊதச் செய்தார். உள்ளிருந்து அழுத்தியே இரத்தம் நிறுத்தப்பட்டது. 2003இல் அவர் இதை வெளியிட்டார். பின்னர் வறிய நாடுகள் பலவற்றிலும் இம்முறை பரவியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி தம் மருத்துவ நூலில் மருத்துவிச்சிகளுக்கென்றே தனிப் பாடம் எழுதினார். அந்த மரபு இன்னும் வற்றிவிடவில்லை.

இதே சாவியை மறுபக்கம் திருப்பும் மருந்துகளும் உண்டு. மாதம் நிறையாமல் நோவு வந்த பெண்ணுக்கு நிபெடிபின் கொடுத்தால் கல்சியத்தின் வாசல் அடைபடும்; கருப்பை தளரும். முட்டு, இழுப்பு என்று நாம் சொல்லும் ஆஸ்துமாவில் மூச்சுக் குழாயின் தசை இறுகுகிறது. சல்பியூட்டமோல் பம்பை இழுத்ததும், கலத்துக்குள் கல்சியம் குறைந்து, பொஸ்பேட் ஒட்டும் வேலை தணிந்து, தசை தளர்ந்து மூச்சு வருகிறது. ஒரே பூட்டு, திறப்பதற்கும் அடைப்பதற்கும் வெவ்வேறு மருந்து.

நமது நாடும் நமது ஊரும்

1930களில் நமது நாட்டில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2,000 தாய்மார் அளவில் இறந்தார்கள். ஐம்பது பிரசவத்தில் ஒரு ஜனாஸா என்று கணக்கு. 2010களில் அது 30க்கும் 40க்கும் இடையில் வந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்! 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவும், வீடு வீடாக வரும் குடும்பநல மாதும், இலவச வைத்தியசாலையும், பெண் கல்வியும் சேர்ந்து செய்த வேலை இது. ஆனால் இன்னும் நடக்கும் தாய் மரணங்களில் இரத்தப் போக்கு ஒரு முக்கிய காரணமாகவே இருந்து வருகிறது.

உப்புவெளியில் இருப்பவர்களுக்குத் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரி சில கிலோமீற்றர் தூரம்தான். கிண்ணியாக்காரரைக் கேட்டுப் பாருங்கள். 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கும்வரை அவர்கள் நகரத்துக்கு வரப் படகுப்பாதையையே நம்பியிருந்தார்கள். யுத்த காலத்து இரவுகளில், நோவு கண்ட பெண்ணை வைத்துக்கொண்டு கரையில் காத்துக் கிடப்பது எப்படிப்பட்ட வேதனை என்பதை அந்தத் தலைமுறை அறியும். இன்று பாலம் இருக்கிறது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் 'சுவசெரிய' இலவச அம்புலன்ஸ் இருக்கிறது. இனி நாம் இழக்கும் நேரம் பெரும்பாலும் வீட்டுக்குள் இழக்கும் நேரம்தான்.

"நிஃபாஸ்தானே" என்று இருந்துவிடலாமா?

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தோம். பிரசவத்துக்குப் பின் உதிரம் போவது இயற்கை. அதற்கு நிஃபாஸ் என்று பெயர் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. ஷாபிஈ மத்ஹபில் அது பெரும்பாலும் 40 நாள், கூடியது 60 நாள் என்று சிறுவயதிலேயே ஓதியிருக்கிறோம். அதனால்தான் ஒரு பெண் அளவுக்கு மீறி உதிரம் போகிறது என்று சொன்னால், "நிஃபாஸ்தானே, போகத்தான் செய்யும்" என்று பதில் வருகிறது.

மார்க்கச் சட்டம் எத்தனை நாள் என்று கணக்குப் பார்ப்பது தொழுகைக்காகவும் நோன்புக்காகவும். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு போகிறது என்பது வைத்தியர் கேட்கும் கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரு தடித்த துணி, அல்லது பெரிய பேட் ஒரு மணி நேரத்துக்குள் முழுதாக நனைந்தால், அது காத்திருக்கும் விடயமல்ல. கோழி முட்டை அளவு கட்டிகள் விழுவது, எழும்பினால் தலை சுற்றுவது, கண் இருட்டுவது, குளிர்ந்த வியர்வை, நெஞ்சு படபடப்பு, முகம் வெளுப்பது எல்லாமே எச்சரிக்கை. வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்தும், ஒரு மாதம் கழித்தும்கூட இப்படி வரலாம். துர்நாற்றமோ காய்ச்சலோ சேர்ந்தால் கிருமித் தாக்கம் என்று கொள்ளுங்கள்.

வைத்தியசாலைகளில்கூட கண்ணால் பார்த்து மதிப்பிடுவது தவறிப் போகிறது. கென்யா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, தன்சானியா ஆகிய நாடுகளின் 80 வைத்தியசாலைகளில் நடந்த ஆய்வில், அளவு குறித்த பை ஒன்றில் இரத்தத்தைச் சேகரித்து அளந்தார்கள். அளவு மீறியதும் கருப்பையைத் தேய்ப்பது, மருந்துகள், சேலைன், பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அல்லாமல் ஒருங்கே செய்தார்கள். கடுமையான நிலைக்குப் போனவர்கள் 60 வீதம் குறைந்தார்கள் என்று 2023இல் அறிவித்தார்கள். அளந்து பார்ப்பதே பாதி வைத்தியம் என்று இதிலிருந்து தெரிகிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை

கர்ப்பம் என்று தெரிந்ததும் குடும்பநல மாதிடம் பதிந்துகொள்ளுங்கள். இரும்புச் சத்துக் குளிசையை ஒழுங்காக எடுங்கள். அதைத் தேநீரோடு விழுங்கினால் சத்து உடலில் சேராது. கல்சியம் குளிசையையும் அதையும் வெவ்வேறு நேரத்தில் எடுங்கள். இரத்தச் சோகை உள்ள பெண்ணுக்குச் சிறிய இரத்தப் போக்கும் பெரிய ஆபத்து.

முன்னைய பிரசவத்தில் அதிக உதிரம் போயிருந்தால், கிளினிக்கில் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். உங்கள் இரத்த வகையை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்கட்டும்.

எட்டாம் மாதத்திலேயே கணவரோடும் மாமியாரோடும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். இரவில் நோவு வந்தால் வாகனம் எது? கணவர் கடலிலோ மத்திய கிழக்கிலோ இருந்தால் தீர்மானிப்பவர் யார்? ஒரு பெண்ணின் உதிரம் கொட்டும்போது, சம்மதம் கேட்கத் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கக் கூடாது. பெண் வைத்தியர் இருந்தால் சிறப்பு. இல்லாத வேளையில், உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் ஆண் வைத்தியரிடம் சிகிச்சை பெற மார்க்கம் இடமளிக்கிறது என்பதை உலமாக்கள் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். இதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

பிரசவத்துக்குப் பின் அடிக்கடி சிறுநீர் கழியுங்கள். பிள்ளைக்கு உடனே பால் கொடுங்கள். எதிர்பாராமல் வீட்டிலேயே பிள்ளை பிறந்துவிட்டால் 1990க்கு அழையுங்கள். கொடியைப் பிடித்து இழுக்க வேண்டாம். பிள்ளையைத் தாயின் மார்பில் போடுங்கள். நஞ்சுக்கொடி வந்த பின்பும் உதிரம் கொட்டினால், தொப்புளுக்குக் கீழே கையை வைத்து, கருப்பை கல்லுப்போல் இறுகும்வரை அழுத்தித் தேய்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். சூடான காயம் குடித்துப் பார்ப்போம், ஓதிப் பார்ப்போம் என்று வீட்டில் தங்க வேண்டாம். ஓதுவதை வாகனத்தில் இருந்துகொண்டும் ஓதலாம்.

பிரசவத்தில் மரணிக்கும் பெண்ணுக்கு ஷஹீதுடைய அந்தஸ்து உண்டு என்று நாம் அறிந்திருக்கிறோம். அது, தன்னால் இயன்றதெல்லாம் செய்தும் பறிகொடுத்த குடும்பத்துக்கு அல்லாஹ் தந்த ஆறுதல். நமது தாமதத்துக்கு அதைச் சாட்டாகச் சொல்ல முடியாது. கைக்கு எட்டும் தூரத்தில் மருந்தும் வாகனமும் வைத்தியரும் இருக்கும்போது, தாயை இழந்த பச்சைப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வோம்?

கண்ணுக்குத் தெரியாத ஒரு பொஸ்பேட் துணுக்கில் ஒரு தாயின் உயிரை வைத்தவன், அதனை அறிந்துகொள்ளும் அறிவையும் மனிதனுக்குக் கொடுத்தான். அந்த அறிவைப் பயன்படுத்துவதும் அவனுக்கு நன்றி செலுத்துவதே. இதைப் படித்த நீங்கள், உங்கள் வீட்டில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் மகளுக்கும் மருமகளுக்கும், முக்கியமாக அவர்களுடைய கணவன்மாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். அல்லாஹ் நம் தாய்மார் அனைவரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.